கப்பலின் கீழ்த்தளம்: கிறிஸ்தவக் கடற்காதல் கதைகள் பேசியதும் பேசாததும்

1788-ஆம் ஆண்டு பாரிசில் ஒரு காதல் கதையும் லண்டனில் ஒரு சிறு பிரசுரமும் அச்சேறின. கதையை எழுதியவர் பெர்னார்தன் த சேன் பியேர். அதன் பெயர் 'பவுலும் விர்ஜினியும்'. இன்று மொரீஷியஸ் என்று வழங்கும் தீவில் ஒன்றாக வளர்ந்த இருவர், அவர்களின் பிரிவு, காதலியைத் திரும்பக் கொண்டுவரும் கப்பல், கரைக்கு எதிரிலேயே அது உடைவது, அவளுடைய மரணம் என்று செல்லும் அந்தக் கதை ஐரோப்பாவையே அழவைத்தது. பிரசுரத்தை எழுதியவர் ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலிக்கன் போதகர். ஆப்பிரிக்க அடிமை வணிகத்தில் தாம் கப்பல் தலைவராக இருந்த காலத்தை வெட்கத்தோடு நினைவுகூர்ந்து, கண்டதைக் கண்டபடி அதில் எழுதினார். 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர் என்று சொன்னால் நம் ஊர்த் திருச்சபைகளிலும் பலருக்கு அவரைத் தெரியும்.

இரண்டு நூல்களுக்கும் வேர் 1744-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேன் ஜெரான் என்ற கப்பல் மொரீஷியஸின் பவளப் பாறைகளில் மோதி உடைந்தது. விர்ஜினி இறப்பது அந்தக் கப்பலில்தான். அதே ஆண்டு, ஒரு பெண்ணின் வீட்டைவிட்டுக் கிளம்ப மனமில்லாமல் நாள்களைக் கடத்திய பதினெட்டு வயது நியூட்டனை, கடற்படைக்கு ஆள்பிடிப்போர் வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போர்க்கப்பலில் ஏற்றினார்கள்.

காதல், கடல், இறைநம்பிக்கை மூன்றையும் ஒரே கதையில் பின்னும் மரபு கிறிஸ்தவ இலக்கியத்தில் மிகப் பழையது. இந்த இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்தால், அந்த மரபு எதைப் பேசிப் பழகியது, எதைப் பேசாமல் பழகியது என்பது தெளிவாகிறது. அது மேல்தளத்தில் நின்று எழுதப்பட்ட இலக்கியம். காதலர்கள் பிரிவதும் புயலில் மண்டியிட்டுச் செபிப்பதும் அங்கேதான். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்களை அந்தக் கதைகள் என்ன செய்தன என்பதையே இங்கே கேட்க விரும்புகிறேன்.

*

கிறிஸ்தவர்கள் இந்தக் கதை வடிவத்தைத் தாமே உண்டாக்கவில்லை. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுந்த காதல் புனைவுகளில் கடல்தான் கதையை நடத்துகிறது. காரிட்டனின் 'கல்லிரோயே', அகில்லெஸ் தாத்தியுஸ் எழுதிய லெவ்கிப்பேயின் கதை, ஹெலியோதோருஸின் எத்தியோப்பியக் கதை என எதை எடுத்தாலும் அழகிய இருவர், கடற்கொள்ளையர், புயல், அடிமைச் சந்தை, பொய்யான மரணச் செய்தி, கடைசியில் மறு சந்திப்பு என்ற வரிசையைக் காணலாம். அந்தக் கடலை ஆள்பவள் டைக்கி என்னும் விதித் தேவதை. அவள் காரணம் காட்டுவதில்லை. பிரிக்கிறாள், சேர்க்கிறாள், அவ்வளவுதான்.

இந்தக் கடலைக் கிறிஸ்தவர்கள் எப்படிக் கைப்பற்றினார்கள் என்பதற்குச் சிறந்த சான்று, ரோமாபுரிக் கிளமெந்தின் பெயரில் வழங்கும் ஒரு பழங்கதை. அதன் கிரேக்க மூலம் தொலைந்துவிட்டது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருஃபினுஸ் செய்த லத்தீன் பெயர்ப்பு நிலைத்திருக்கிறது. கணவனின் தம்பி தன்மேல் வைத்த தவறான ஆசையிலிருந்து தப்ப, கனவு கண்டதாகச் சொல்லிக்கொண்டு, இரட்டைக் குழந்தைகளோடு கப்பலேறுகிறாள் மத்திதியா. கப்பல் உடைகிறது. பிள்ளைகளைக் கடற்கொள்ளையர் விற்றுவிடுகிறார்கள். அவள் சிரியக் கரையோரத்து அராதுஸ் தீவில் கைகள் விளங்காமல் பிச்சையெடுத்து வாழ்கிறாள். அவளைத் தேடிப்போன கணவனும் தொலைந்து போகிறான். பல ஆண்டுகள் கழித்து அப்போஸ்தலனாகிய பேதுருவின் பயணத்தில் ஒவ்வொருவராக மீண்டும் சேர்கிறார்கள்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது கணவன் வரும் இடம். அவன் வாழ்க்கையில் நொந்துபோன கிழவன். கடவுளும் இல்லை, அவர் பராமரிப்பும் இல்லை, எல்லாம் ஜாதகப்படியே நடக்கிறது என்று வாதாடுகிறான். ஆதாரமாகத் தன் மனைவியின் ஜாதகத்தையே எடுத்து வைக்கிறான்: அவள் ஒழுக்கம் தவறி அந்நிய நாட்டில் நீரில் மூழ்கிச் சாவாள் என்று கிரகங்கள் சொல்லின, அப்படியே நடந்தது என்கிறான். அவள் உயிரோடும் கற்போடும் இருப்பதைப் பேதுரு காட்டும்போது அவனுடைய தத்துவமே சரிந்து விழுகிறது. பழைய புனைவில் வாசகரை மகிழ்விக்க மட்டுமே வந்த மறு சந்திப்பு, இங்கே இறையியல் வாதத்தின் முடிவுரையாகிவிடுகிறது. ஜாதகத்தோடு வாழ்ந்து பழகிய நமக்கு அந்த விவாதத்தின் சூடு உடனே புரியும்.

இதிலிருந்து ஓராயிரம் ஆண்டு தள்ளி இங்கிலாந்துக்குப் போனால் கான்ஸ்டன்ஸைச் சந்திக்கலாம். 1330-களில் நிக்கலஸ் டிரெவெட் என்ற டொமினிக்கன் துறவி, முதலாம் எட்வர்ட் மன்னரின் மகளும் கன்னியாஸ்திரியுமான மேரிக்காக ஒரு வரலாற்று நூல் எழுதினார். அதில் வரும் அவள் கதையைப் பின்னாளில் ஆங்கிலக் கவிஞர்கள் கவர், சாசர் இருவரும் கவிதையாக்கினார்கள். ரோமப் பேரரசரின் மகளான கான்ஸ்டன்ஸை, அவளுக்காகவே மதம் மாறிய சிரிய சுல்தானுக்கு மணமுடிக்கிறார்கள். சுல்தானின் தாய் விருந்திலேயே எல்லாரையும் வெட்டிச் சாய்த்து, மருமகளைச் சுக்கான் இல்லாத படகில் ஏற்றிக் கடலில் தள்ளிவிடுகிறாள். ஆண்டுக்கணக்கில் மிதந்து அவள் வடக்கு இங்கிலாந்தில் கரையேறுகிறாள். அங்கே அல்லா என்ற அரசன் அவளால் கிறிஸ்தவனாகி அவளை மணக்கிறான். அவனுடைய தாயும் கடிதங்களை மாற்றி எழுதி, அவளைக் கைக்குழந்தையோடு அதே படகில் மீண்டும் கடலுக்கு அனுப்புகிறாள். ஒருவழியாக ரோமில் குடும்பம் ஒன்றுசேர்கிறது. குழந்தை மௌரீஸ் பிற்காலத்தில் பேரரசனாகிறான்.

இதுவும் வரலாற்றுப் புனைவுதான். அல்லா ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏல்லே மன்னனின் நிழல். மௌரீஸ் 582 முதல் 602 வரை கான்ஸ்டாண்டிநோபிளில் ஆண்ட மெய்யான பேரரசன். எழுதியவர்களுக்கு அது எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய பழங்காலம். சிரியர்களையும் இஸ்லாமியரையும் அக்கதை பார்க்கும் பார்வை வேதனை தருவது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தச் சுக்கானற்ற படகு, கிறிஸ்தவக் கடற்கதையின் நம்பிக்கை முழுவதையும் தாங்கி நிற்கிறது. இவளை மூழ்காமல் காத்தது யார், பசியாற்றியது யார் என்று சாசர் நடுக்கதையில் நிறுத்திக் கேட்கிறார். யோனாவை மீன் வயிற்றில் காத்தவர் யாரோ, செங்கடலைப் பிளந்தவர் யாரோ அவரே என்பது அவர் தரும் பதில். கான்ஸ்டன்ஸ் படகைத் திருப்ப முயல்வதில்லை. அவளுக்குத் துடுப்பும் தேவையில்லை. அவளுடைய திசையைத் தீர்மானிப்பவர் வேறொருவர்.

படகில் அவளும், பின்பு அவளுடைய குழந்தையும் மட்டுமே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். அதில் சரக்கு கிடையாது, கணக்குப் புத்தகம் கிடையாது. கடவுளின் கையில் கடல் இருக்கிறது என்று அவ்வளவு தூய்மையாகச் சொல்ல முடிந்தது அந்தப் படகு வெறுமையாக இருந்ததால்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் கடலோடியவர்களின் கப்பல்கள் வெறுமையாக இல்லை.

*

நியூட்டனின் வாழ்க்கையை யாராவது புனைவாக எழுதியிருந்தால், கிறிஸ்தவக் காதல் கதையின் இலக்கணத்துக்கு அளவெடுத்துத் தைத்தது என்றே சொல்லியிருப்போம். 1725-இல் லண்டன் வாப்பிங்கில் பிறந்தார். தந்தை மத்தியதரைக் கடல் வணிகக் கப்பல் தலைவர். மகனைப் போதகராக்க வேண்டும் என்று வேதமும் பாடல்களும் கற்பித்த தாய், அவருக்கு ஏழு வயது நிறையும் முன்பே காசநோயில் இறந்துபோனார். 1742 டிசம்பரில், தாயின் தோழி வீட்டுக்குச் சாத்தம் நகருக்குப் போனார். அங்கே பதினான்கு வயதை நெருங்கிக்கொண்டிருந்த மேரி கேட்லெட்டைக் கண்டார். நியூட்டனுக்கு அப்போது பதினேழு. ஜமைக்காவில் அவருக்காக ஒரு நல்ல வேலை ஏற்பாடாகியிருந்தது. கப்பல் போகட்டும் என்று வேண்டுமென்றே அங்கேயே தங்கிவிட்டார்.

பிறகு நடந்தவை தொடர் துன்பம். ஹார்விச் என்ற போர்க்கப்பலில் வலுக்கட்டாயச் சேவை. ஓடிப் பிடிபட்டு எல்லார் முன்பாகவும் கசையடி. நம்பிக்கையைக் கைவிட்டு, மற்றவர்களின் நம்பிக்கையையும் கெடுப்பவராக மாறியிருந்தார். இங்கிலாந்தின் கரை கண்ணிலிருந்து மறைந்த நாளில் கப்பல் தலைவனைக் கொன்றுவிடலாமா, தானே கடலில் குதித்துவிடலாமா என்று நினைத்ததாக 1764-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதுகிறார். கடவுள் பயம் அற்றுப்போன அந்நேரத்தில் அவரைத் தடுத்தது ஒன்றே ஒன்று: தான் இறந்தபின் மேரி தன்னைக் கேவலமாக நினைப்பாளே என்ற எண்ணம். இந்த வாக்குமூலத்தில் ஓர் ஆழமான நேர்மை இருக்கிறது. இறையருள் நுழைவதற்கு முன் மனிதக் காதல் வாசலைக் காத்து நின்றது என்பதே அவர் சொல்லவருவது.

அங்கிருந்து அடிமை வணிகக் கப்பலுக்கு மாறி, சியரா லியோன் கரையோரத் தீவுகளில் அடிமை வணிகம் செய்த ஒரு வெள்ளைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அரைப்பட்டினி, காய்ச்சல், அவமதிப்பு. கையிலிருந்த ஒரே புத்தகம் யூக்ளிடின் வடிவியல். கடற்கரை மணலில் குச்சியால் அதன் வரைபடங்களைப் போட்டுப் பழகினார். தந்தையின் வேண்டுகோளின்படி அவரைத் தேடிவந்த கிரேஹவுண்ட் கப்பலின் தலைவர், பெருஞ்சொத்து வந்திருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கூப்பிட்டார். சொத்துக்காக அசையாதவர், மேரியைப் பார்க்கலாமே என்ற ஆசையில் கப்பலேறினார். 1748 மார்ச்சில் வட அட்லாண்டிக்கில் புயல் அந்தக் கப்பலின் ஒரு பக்கத்தையே பெயர்த்தது. மிதக்கும் தன்மையுள்ள தேன்மெழுகும் மரமும் சரக்காக இருந்ததால்தான் அது மூழ்கவில்லை. விடியற்காலை முதல் நண்பகல் வரை நீரை இறைத்தார். பிறகு நள்ளிரவு வரை சுக்கானைப் பிடித்து நின்றார். ஆண்டவர் இரங்கட்டும் என்று தன்னை அறியாமல் வாயில் வந்த ஒரு சொல், பல ஆண்டுகளுக்குப் பின் அவர் செய்த முதல் செபமானது. ஏறத்தாழ நான்கு வாரம் கழித்துக் கப்பல் அயர்லாந்தில் ஒதுங்கியது. 1750 பிப்ரவரி 1 அன்று மேரியை மணந்தார்.

கலகக்காரனான மாலுமி, கரையில் காத்திருக்கும் பக்தியுள்ள பெண், புயல், மனமாற்றம், திருமணம். இங்கே நிறுத்தினால் நிறைவான கதை. மரபு எப்போதும் இங்கேதான் நிறுத்துகிறது.

ஆனால் 1750 ஆகஸ்டில் நியூட்டன் 'டியூக் ஆஃப் ஆர்கைல்' கப்பலின் தலைவராக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். மனம் மாறியபின், மணம் முடித்தபின். 1754-க்குள் தலைவராக மூன்று அடிமைப் பயணங்கள். ஒவ்வொரு பயணத்திலும் மேரிக்குக் கடிதம் எழுதினார். பின்னாளில், மேரி இறந்தபின், 1793-இல் இரண்டு பகுதிகளாக அவற்றை வெளியிட்டார். பிரிவின் ஏக்கமும் கடவுளைவிட அவளை அதிகம் நேசிக்கிறோமோ என்ற அச்சமும் நிறைந்த, உண்மையிலேயே அழகான கடிதங்கள். அதே மேசையில், அதே கையால், கப்பல் நாட்குறிப்பும் எழுதப்பட்டது. அது 1962-இல்தான் அச்சில் வந்தது. எத்தனை பேரை வாங்கினோம், என்ன விலை என்று அதில் வரும். இறந்தவர்கள் எண்களாக வருவார்கள். 1752-இல் கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்டுச் சிறுவர்களைக்கூடக் கட்டைவிரல் நெரிக்கும் கருவியில் மாட்டி விசாரித்த செய்தியும் அதில் உண்டு. ஞாயிறுதோறும் மாலுமிகளுக்கு வழிபாடு நடந்தது. தன் கடைசிக் கினி பயணங்களில் அனுபவித்ததைவிட இனிய இறையுறவை வேறெப்போதும் அறிந்ததில்லை என்று 1764-ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில் அவரே சொல்கிறார். அந்தத் தொழில் சிறைக் காவலனின் வேலைபோல மனதுக்கு உறுத்தியது, வேறு பிழைப்புக் கிடைக்க வேண்டும் என்று செபித்தேன் என்றும் சொல்கிறார். அது பாவம் என்று மட்டும் அன்று தோன்றவில்லை.

கடிதங்களையும் நாட்குறிப்பையும் ஒன்றாகச் சேர்த்து வாசிப்பதைப் போல மனதைக் குலைக்கும் வாசிப்பு அரிது. வேடதாரி என்று அவரை ஒதுக்கிவிட்டால் நமக்கு எளிது. ஆனால் அவர் வேடதாரி இல்லை. காதலும் பக்தியும் இரண்டும் மெய். இரண்டும் மெய்யாக இருந்தும் இரண்டு தளத்துக்கும் நடுவே இருந்த பலகையை அவை ஊடுருவவில்லை. தன்னை ஆட்கொண்ட கடவுள் தன் காதலையும் கப்பலையும் காக்கிறார் என்ற நிச்சயமே, கீழே இருப்பவர்களைப் பற்றிய கேள்வியைத் தள்ளிவைக்க உதவியது என்று நினைக்கிறேன். புயலில் தப்பியவனுக்கு எல்லாமே தனக்காக நடந்ததாகத் தோன்றிவிடுகிறது.

அந்தப் பலகையை நீக்க அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1788-ஆம் ஆண்டுப் பிரசுரத்தில் நடை மாறுகிறது. வரிசை வரிசையாக, அலமாரியில் அடுக்கிய புத்தகங்களைப்போல மனிதர்களைக் கிடத்தியதை எழுதினார். பெண்கள் மாலுமிகளின் கையில் பட்ட பாட்டை எழுதினார். கைக்குழந்தையின் அழுகை தன் தூக்கத்தைக் கெடுத்தது என்று ஒரு கப்பல் அதிகாரி அதைத் தாயிடமிருந்து பிடுங்கிக் கடலில் எறிந்ததை, அவன் வாயாலேயே கேட்டபடி எழுதினார். பின்பு நாடாளுமன்றக் குழு முன்பும் சாட்சி சொன்னார். மேரி 1790 டிசம்பரில் இறந்தார். அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறிய 1807-ஆம் ஆண்டின் இறுதியில் நியூட்டனும் இறந்தார்.

*

சேன் ஜெரானுக்கு வருவோம். 1744 மார்ச்சில் பிரான்சின் லோரியான் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அக்கப்பல், மேற்கு ஆப்பிரிக்காவின் கோரே தீவில் நின்று அடிமைகளை ஏற்றிக்கொண்டது. மொரீஷியஸில் தொடங்கவிருந்த சர்க்கரை ஆலைக்கான இயந்திரங்களும் அதில் இருந்தன. ஆலைக்கு இயந்திரமும் கரும்புத் தோட்டத்துக்கு மனிதரும் ஒரே கப்பலில் போனார்கள். தீவு கண்ணுக்குத் தெரிந்தபின், இரவில், வழி தவறி அம்பர் தீவுக்கு அருகே பாறைகளில் மோதியது. புயல் இல்லை. இருநூறு பேரளவில் இருந்த கப்பலில் கரை சேர்ந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை.

பிழைத்தவர்கள் தீவின் அதிகாரிகள் முன் கொடுத்த வாக்குமூலங்கள் கிடைக்கின்றன. உயிர்காக்கப் பலகையில் ஏறச்சொல்லி, மேலுடையைக் கழற்றுமாறு கப்பல் தலைவர் தெலமாரை ஒரு மாலுமி கெஞ்சினார். ஆடையின்றிக் கரையேறுவது தன் பதவிக்குத் தகாது என்று அவர் மறுத்தார். கப்பலில் இளம் பெண் பயணிகள் இருவர் இருந்தார்கள். ஒருத்தியின் அருகிலிருந்து நகர மறுத்து ஒருவர் நின்றார். மற்றவளுக்காக, கடலில் குதிக்கக் கீழே இறங்கிய ஓர் அதிகாரி, அவள் வர மறுப்பதைக் கண்டு மீண்டும் மேலே ஏறினார். கதைக்கு வேண்டியதெல்லாம் வாக்குமூலத்திலேயே இருக்கிறது.

பெர்னார்தன் 1768 முதல் 1770 வரை அந்தத் தீவில் பொறியாளராக இருந்தவர். இந்தச் செய்திகளை எடுத்து அவர் செய்த மாற்றங்கள் கவனிக்க வேண்டியவை. ஆகஸ்டை டிசம்பராக்கினார், கப்பல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கண்ணில் படுகிறது, மறுநாள் சூறாவளியில் உடைகிறது. கப்பல் தலைவரின் மானத்தை எடுத்து விர்ஜினிக்குக் கொடுத்தார். ஆடையைக் களைந்துவிட்டு நீந்த வருமாறு ஒரு மாலுமி மண்டியிட்டுக் கெஞ்ச, அவள் மறுத்து, ஒரு கையால் உடையையும் மறு கையால் நெஞ்சையும் பற்றியபடி வானத்தைப் பார்த்து நிற்கிறாள். அலை அவளை எடுத்துக்கொள்கிறது. கரையில் கிடைத்த உடலின் இறுகிய கையில் வனத்துச் சின்னப்பரின் சிற்றுருவப் படம் இருக்கிறது. பவுல் அவளுக்குக் கொடுத்தது அது. தன் பெயருக்குரிய புனிதரின் படம்.

கான்ஸ்டன்ஸைக் காத்த கடல் விர்ஜினியைக் காக்கவில்லை. பெர்னார்தனின் சமயம் திருச்சபைச் சட்டகத்துக்குள் அடங்காதது; ரூசோவின் நண்பர் அவர், இயற்கை முழுவதிலும் இறைவனின் பராமரிப்பைக் கண்டவர். இருந்தும் கதையில் அந்தப் பராமரிப்பு தோற்கும் இடத்தை எழுதிவிட்டு, மறுமையைக் காட்டி ஆறுதல் தேடுகிறார். கதையின் வலிமை அந்த ஆறுதலில் இல்லை. அது கதையின் தொடக்கத்தில் வரும் ஒரு பெண்ணிடம் இருக்கிறது.

தோட்டமொன்றிலிருந்து தப்பி ஓடிவந்த அடிமைப் பெண் ஒருத்தி, பசியும் சாட்டைத் தழும்புமாக விர்ஜினியின் குடிசைக்கு வருகிறாள். விர்ஜினி உணவு தருகிறாள். பிறகு, பவுலையும் கூட்டிக்கொண்டு, மன்னிப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி அவளை எசமானிடமே திரும்ப நடத்திச் செல்கிறாள். விர்ஜினியின் அழகைப் பார்த்து அவனும் மன்னித்துவிட்டதாகச் சொல்கிறான். பிள்ளைகள் மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள். பின்புதான் தெரிகிறது, அந்தப் பெண்ணின் காலில் கட்டையும் கழுத்தில் கொக்கிகள் வைத்த இரும்பு வளையமும் மாட்டியிருக்கிறார்கள் என்பது. நன்மை செய்வது இத்தனை கடினமா என்று விர்ஜினி கலங்குகிறாள். அதன்பின் அந்தப் பெண் கதையிலிருந்து மறைந்துவிடுகிறாள். அவளுக்குப் பெயரும் இல்லை.

காதல் புனைவின் நல்லெண்ணம் என்ன செய்யும், எங்கே தோற்கும் என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியைவிடத் துல்லியமாக எவரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. பெர்னார்தனுக்கு விஷயம் தெரியும். 1773-இல் வெளியிட்ட பயண நூலில், ஐரோப்பியரின் காப்பிக்கும் சர்க்கரைக்கும் இரண்டு கண்டத்து மக்கள் கொடுக்கும் விலையை அவர் வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். ஆனால் காதல் கதைக்கு வந்ததும் கை தளர்கிறது. நாயகர்களின் குடும்பத்திலேயே தொமேங், மாரி என்று இரண்டு அடிமைகள் அன்போடு, மனநிறைவோடு உழைக்கிறார்கள். விர்ஜினி மூழ்கும் கப்பலில் கோரேயில் ஏற்றப்பட்டவர்களைக் காணவில்லை. வாக்குமூலங்களிலிருந்து மானத்தையும் காதலையும் எடுத்துக்கொண்ட கதை, சரக்கை விட்டுவிட்டது.

விர்ஜினியின் சவ அடக்கத்தில் தீவின் பல இனத்தவரும் கூடுகிறார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக் பெண்கள் பழக்கூடைகளோடு வருகிறார்கள். வங்கத்திலிருந்தும் மலபார்க் கரையிலிருந்தும் வந்த இந்தியப் பெண்கள் கூண்டுப் பறவைகளைக் கொண்டுவந்து அவள் உடல்மேல் பறக்கவிடுகிறார்கள். அந்தத் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் நம்மவர்களையும் 'மலபார்கள்' என்றே அழைத்தார்கள். கதையிலும் வரலாற்றிலும் தீவின் ஆளுநராக இருந்த லா பூர்தொனே, போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டுவதற்குப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுபோனவர். கப்பல் உடைந்த இரண்டு ஆண்டில், 1746 செப்டம்பரில், அவரே கப்பற்படையோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தார்; ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அவரை நன்றாகவே பார்க்கலாம். இந்தியாவிலிருந்து அடிமைகளாகவும் மக்கள் அத்தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கூண்டைத் திறந்துவிடும் அந்தப் பெண்களில் எத்தனை பேர் தாங்களே விடுதலை பெற்றவர்கள் என்று கதை கேட்கவில்லை. பறவைகளுக்குக் கிடைத்த விடுதலை துக்கத்தின் அழகிய சின்னமாக மட்டும் நிற்கிறது.

*

இந்த மரபு இன்று அமெரிக்காவில் ஒரு தனிப் பதிப்புத் தொழிலாக வாழ்கிறது. ஜேனட் ஓக் 1979-இல் வெளியிட்ட 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' நாவலின் வெற்றிக்குப் பிறகு, சுவிசேஷ சபைகளின் வாசகர்களுக்கென்றே வரலாற்றுக் காதல் நாவல்கள் பெருகின. கடலுக்கும் அதில் பங்கு உண்டு: எம். எல். டிண்டல் 2006-இல் 'த ரிடெம்ப்ஷன்' நாவலோடு பதினேழாம் நூற்றாண்டுக் கரீபியக் கடற்கொள்ளையர் தொடரைத் தொடங்கினார். சாரா சண்டின் இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கக் கடற்படையை வைத்து எழுதுகிறார். படுக்கையறைக் காட்சி இராது, நாயகனோ நாயகியோ நம்பிக்கையில் ஒரு திருப்பத்தைக் கடப்பார், முடிவில் திருமணம் உறுதி. இந்த வகையைக் கேலி செய்வோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். காதலை உடலின் வேகமாக மட்டும் பார்க்காமல் ஆன்மாவின் பொறுப்பாகவும் பார்க்கும் கதைகள் பலருக்கு வேண்டியிருக்கின்றன.

என் கவலை வேறு. மனந்திரும்பக்கூடிய பாவியாக இந்தக் கதைகளுக்குக் கடற்கொள்ளையன் வசதியாக இருக்கிறான். அவன் சட்டத்துக்கு வெளியே நிற்பவன். கருப்புக் கொடியை இறக்கிவிட்டால் அவனுடைய பாவமும் முடிந்துவிடும். கரீபியக் கடலின் பெரும் பாவமோ சட்டத்துக்கு உள்ளே நடந்தது. பார்படோஸ் தீவின் சட்டமன்றம் 1661-இல் அடிமைச் சட்டத்தை இயற்றியது; சர்க்கரையை ஏற்றிய கப்பல்கள் அரசின் முத்திரையோடுதான் போயின. நியூட்டனும் கொள்ளையன் இல்லை. சட்டத்துக்கு உட்பட்ட, மரியாதைக்குரிய, செபிக்கிற, மனைவியை உயிராக நேசிக்கிற தலைவர். திருமணத்தோடு கதையை முடிக்கும் வடிவத்தால் அவருடைய 1750 முதல் 1754 வரையான ஆண்டுகளைத் தொடவே முடியாது.

*

கீழ்த்தளத்தில் இருந்து வந்த ஒருவரும் இதே காலத்தில் எழுதினார். ஒலாவுடா எக்வியானோவின் தன்வரலாறு 1789-இல் லண்டனில் வெளிவந்தது. அதில் கடல் உண்டு, கப்பல் உடைவு உண்டு, மனமாற்றம் உண்டு, பிற்பதிப்புகளில் திருமணமும் உண்டு. கூறுகள் அதே, அவற்றின் எடைதான் வேறு.

1766-இல் தன் விடுதலையைத் தானே விலைகொடுத்து வாங்கிய எக்வியானோ, அடுத்த ஆண்டு நான்சி என்ற கப்பலில் மாலுமியாக மான்செராட்டிலிருந்து ஜார்ஜியாவுக்குப் போனார். கப்பலில் அடிமைகளும் இருந்தார்கள். பஹாமாத் தீவுகளின் பாறைகளில் இரவில் அது மோதியபோது, கப்பல் தலைவர் பிறப்பித்த முதல் ஆணை, கீழ்த்தளத்து மூடிகளை ஆணியடித்து மூடுங்கள் என்பது. படகில் எல்லாருக்கும் இடமில்லை. அடிமைகள் மேலே வந்தால் படகுக்கு முட்டி மோதுவார்கள் என்பது காரணம். கீழே இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். முந்தின மாலை நீரை இறைத்த சலிப்பில் கப்பலைச் சபித்திருந்த எக்வியானோ, தன் பாவத்தால்தான் இவர்கள் சாகப்போகிறார்கள் என்று நொறுங்கிப்போகிறார். அடுத்த கணம் தலைவரை எதிர்த்து நிற்கிறார்: வழி தெரியாமல் கப்பலைச் செலுத்திய நீர்தான் மூழ்கத் தகுந்தவர் என்கிறார். ஆணி அடிக்கப்படவில்லை. விடிந்ததும் உடைந்த படகைத் தோலும் கொழுப்பும் வைத்துச் சீர்செய்து, மூன்று கறுப்பினத்தவரும் டச்சுக்கார மாலுமி ஒருவரும் துணைநிற்க, திரும்பத் திரும்பத் துடுப்புப் போட்டு எல்லாரையும் கரை சேர்த்தார். ஒருவர்கூட இறக்கவில்லை. இதையும் அவர் இறைவனின் பராமரிப்பு என்றே எழுதுகிறார். ஆனால் அந்தப் பராமரிப்புக்கு இங்கே துடுப்பு தேவைப்படுகிறது. மூடி திறந்திருப்பதும் தேவைப்படுகிறது.

அவரையும் மாசற்றவராக ஆக்கிவிடக் கூடாது. 1774 அக்டோபரில், ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்தில் நின்ற கப்பலில் அப்போஸ்தலர் நடபடிகளை வாசித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மனமாற்றம் நிகழ்ந்தது. அதற்குப் பின், மத்திய அமெரிக்காவின் மொஸ்கீட்டோ கரையில் தோட்டம் போடக் கிளம்பிய ஒருவருக்காக, அடிமைக் கப்பலில் ஏறித் தன் நாட்டவரையே தேர்ந்து வாங்கிக் கொடுத்ததை அவரே ஒளிக்காமல் சொல்கிறார். மனமாற்றத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு நியூட்டனைப்போல அவரும் சாட்சி. நியூட்டன் தன் நாட்குறிப்பைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். எக்வியானோ இதைத் தன்வரலாற்றிலேயே அச்சிட்டார்.

1792 ஏப்ரல் 7 அன்று கேம்பிரிட்ஜ்ஷயரின் சோஹம் என்ற ஊரில் சூசன்னா கல்லன் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். காதல் கதை எழுதுபவர்கள் அத்தியாயம் அத்தியாயமாக விரித்திருக்கக்கூடிய அந்தத் திருமணத்துக்குத் தன் நூலின் அடுத்த பதிப்புகளில் அவர் ஒதுக்கிய இடம் ஓரிரு வரி. மே மாதம் எடின்பரோவில், நூலை விற்றுக்கொண்டும் அடிமை வணிக ஒழிப்புக்கு ஆதரவு திரட்டிக்கொண்டும் இருந்தார்.